'போலி நண்பர்' வேண்டாம், 'பங்காளிச்சொல்' எப்படி?

அன்புள்ள ஐயா,

இரு மொழிகளில் ஒன்றுபோல் ஒலித்தும் வேறு வேறு பொருள் தரும் சொற்களைத் தமிழில் 'போலி நண்பர்' என்று அழைக்கலாம் என்ற தங்கள் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. 1928இல் கெஸ்லர், தெரோக்கிஞி என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலச் சொற்களிடம் ஏமாறாதீர்கள் என்று எச்சரித்து எழுதிய நூலுக்கு வைத்த பெயர் அது. அப்படியே பெயர்த்தால் நமக்குச் சிக்கல். நன்னூல் படித்தவருக்குப் போலி என்றதும் பந்தல், பந்தர்தான் நினைவுக்கு வரும். அங்கே எழுத்து மாறும், பொருள் மாறாது. நாம் பெயர் தேடுவதோ பொருள் மாறிப்போன சொற்களுக்கு!

இன்னொன்று, அந்தப் பெயர் இரு வேறு வகைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. 'புர்ரோ' இத்தாலியத்தில் வெண்ணெய், ஸ்பானியத்தில் கழுதை. இரண்டுக்கும் வேர் வேறு, ஒற்றுமை தற்செயல். ஆனால் ஆங்கில 'டவுன்', டச்சு 'டௌன்', ஜெர்மன் 'த்சவுன்' மூன்றும் ஒரே பழஞ்சொல்லின் வழி வந்தவை. ஜெர்மனில் வேலி, டச்சில் தோட்டம், ஆங்கிலத்தில் நகரம். முதலில் வேலி, பிறகு வேலி சூழ்ந்த நிலம், பிறகு அங்கே எழுந்த ஊர் என்று பொருள் நகர்ந்த தடம் தெளிவாகவே தெரிகிறது.

'கிஃப்ட்' இதைவிடச் சுவையானது. ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு, வேர்ப்பொருள் கொடுத்தல். மருந்தின் அளவைக் குறிக்கும் 'டோஸ்' கிரேக்கத்தில் 'கொடுத்தல்' என்றே பொருள்படும். அதைப் பின்பற்றி ஜெர்மன் சொல்லும் 'கொடுக்கப்பட்ட மருந்து' ஆகி, நஞ்சுக்கு இடக்கரடக்கலாகி, அங்கேயே தங்கிவிட்டது. பழைய பொருள் அடியோடு போகவில்லை: வரதட்சிணைக்கு இன்றும் 'மிட்கிஃப்ட்' என்கிறார்கள். ஸ்வீடிஷ் மொழியிலோ இதே சொல் நஞ்சையும் குறிக்கும், மணமானவரையும் குறிக்கும். கேலிக்குக் கேட்கவா வேண்டும்!

ஒரே மூதாதை, பாகம் பிரித்துக்கொண்ட சொத்து. ஆகவே இத்தகையவற்றைப் 'பங்காளிச்சொல்' என்போம். உறவுள்ள சொற்கள் அனைத்துக்கும் பொதுவாக 'இனச்சொல்' இருக்கட்டும்; அவற்றுள் பொருள் பிரிந்தவை மட்டும் பங்காளிகள். நம் வீட்டுக்கும் இது பொருந்தும்: மலையாளத்தில் வெள்ளம் வெறும் தண்ணீர்தான்.

இலங்கை நண்பர்கள் மறுக்கக்கூடும். அங்கே 'பங்காளிக் கட்சி' என்றால் கூட்டணியில் உடன் நிற்கும் கட்சி. அந்தக் குழப்பம் பெரிதென்று பட்டால், 'பிரிபொருள் இனச்சொல்' என்று வைத்துக்கொள்ளலாம். சற்று நீளம், ஆனால் பிறழப் புரிந்துகொள்ள இடமில்லை. 'புர்ரோ' வகைக்குத் 'தற்செயல் ஒப்புச்சொல்' போதும்.