40 இன்ச் கிடைக்கவில்லை, 35தான் வருகிறது: இந்தக் கம்பத்தில் ஃபைபரை எங்கே கட்டுவது?

கோவை_ஓஎஸ்பி
அமெரிக்க ஃபைபர் வேலைக்கு மேக்-ரெடி (புதுக் கேபிள் கட்டுமுன் கம்பத்தில் செய்ய வேண்டிய மாற்றங்களின் திட்டம்) போட்டுக்கொண்டிருக்கிறேன். 40 அடிக் கம்பம், ஹெவி லோடிங் (பனிச்சுமை அதிகமுள்ள) மண்டலம். ஒரு பக்கம் 160 அடி ஸ்பேன் (இரு கம்பங்களுக்கு இடையே கேபிள் ஓடும் தூரம்), மாநில நெடுஞ்சாலையைக் கடக்கிறது. பெர்மிட்டில் சாலைக்கு மேல் 18 அடி கேட்டிருக்கிறார்கள். ஃபீல்டு அளவு:

நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி) 26 அடி 2 இன்ச் (செகண்டரி, அதாவது வீடுகளுக்குப் போகும் குறைந்த மின்னழுத்தக் கம்பி, கிடையாது)
தெருவிளக்கு பிராக்கெட்டின் அடி 24 அடி
விளக்கின் டிரிப் லூப் (மழைநீர் சொட்ட வயரில் விடும் வளைவு) 23 அடி 4 இன்ச்
கேபிள் டிவி 22 அடி 3 இன்ச்
டெலிபோன் 21 அடி 2 இன்ச், நடு ஸ்பேனில் 18 அடி 2 இன்ச்

கேபிள் டிவிக்கு மேல் 12 இன்ச் விட்டு 23 அடி 3 இன்ச்சில் கட்டினால் நியூட்ரலுக்கு 35 இன்ச்தான் வருகிறது. செக்லிஸ்ட்டில் 40 என்று இருக்கிறது. இல்லாவிட்டால் டெலிபோனுக்குக் கீழே 20 அடி 2 இன்ச்சில் போட்டுவிடலாமா? எங்கள் கணக்கில் ஸ்ட்ராண்டின் (ஃபைபரைத் தாங்கும் எஃகுக் கம்பி) தொய்வு 19 இன்ச், சாலைக்கு மேல் 18 அடி 7 இன்ச் கிடைக்கிறது.

மெசஞ்சர்_வயர்
35ஐப் பார்த்து உடனே ஃபெயில் போடாதீர்கள். என்.இ.எஸ்.சி. (அமெரிக்க மின் பாதுகாப்பு விதித்தொகுப்பு) விதி 235 கம்பத்தில் மின் கம்பிக்கும் கம்யூனிகேஷன் கேபிளுக்கும் நடுவே 40 இன்ச் கேட்பது உண்மை. ஆனால் மேலே இருப்பது பல இடங்களில் எர்த் ஆன நியூட்ரலாக இருந்து, உங்கள் ஸ்ட்ராண்டையும் அதோடு பாண்ட் செய்திருந்தால் 30 போதும். டிரிப்ளெக்ஸ் (மூன்று கம்பி முறுக்கிய) செகண்டரி ஒன்று ஓடியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது, 40தான். பாண்ட் என்றால் 6 ஏ.டபிள்யூ.ஜி. செம்புக் கம்பியால் ஸ்ட்ராண்டைக் கம்பத்தில் இறங்கும் எர்த் வயரோடு இணைப்பது. அந்த எர்த் வயர் இந்தக் கம்பத்தில் இருக்கிறதா என்று போட்டோவில் பாருங்கள். இல்லையென்றால் மின் நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும்.

உங்களை நிறுத்தப்போவது விளக்குதான். டிரிப் லூப்புக்கும் கம்யூனிகேஷன் கேபிளுக்கும் 12 இன்ச் வேண்டும்; உங்களுக்கு இருப்பது 1 இன்ச். லூப்பின் மேல் உலோகமில்லாத உறை மாட்டினால் (லூப்பைத் தாண்டி 2 இன்ச் நீள வேண்டும்) 3 இன்ச் வரை குறைக்கலாம், அப்போதும் 2 இன்ச் பற்றாது. லூப்பை 23 அடி 6 இன்ச்சுக்குத் தூக்கி உறை மாட்டச் சொல்லுங்கள். உறை வேண்டாம் என்றால் 24 அடி 3 இன்ச்சுக்குப் போக வேண்டும். பிராக்கெட்டே 24 அடியில் இருக்கும்போது அது நடக்குமா என்பது வயர் உள்ளே நுழையும் இடத்தைப் பொறுத்தது. இரண்டுமே மின் நிறுவன ஆள் செய்கிற வேலை. கேபிள் காண்ட்ராக்டர் அந்த லூப்பைத் தொடவே கூடாது.

பிராக்கெட்டும் எர்த் ஆகியிருக்க வேண்டும். எர்த் இருந்தால் 4 இன்ச் போதும், உங்களிடம் 9 இருக்கிறது. எர்த் இல்லையென்றால் 20, கதை முடிந்தது.

தொய்வு_கணக்கு
கீழே போடும் யோசனையை விட்டுவிடுங்கள். கம்பத்தில் 12 இன்ச் இடைவெளி சரியாகத் தெரியும், ஸ்பேனில் கவிழ்ந்துவிடும். டெலிபோன் பழைய காப்பர் கேபிள், கனம் அதிகம், 36 இன்ச் தொய்ந்திருக்கிறது. உங்கள் ஃபைபர் 19தான் தொய்கிறது. நடுவில் டெலிபோன் 18 அடி 2 இன்ச், அதற்குக் கீழே கட்டிய ஃபைபர் 18 அடி 7 இன்ச். அதாவது வழியில் இரண்டு இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும், காற்றில் உரசி உறை கிழியும். ஸ்பேனில் எந்த இடத்திலும் 4 இன்ச் வேண்டும் என்பது 235ஆம் விதியிலேயே உண்டு. டெலிபோனோடு ஒட்டித் தொய்ய விட்டு 4 இன்ச் கீழே வைத்தால் 17 அடி 10 இன்ச். என்.இ.எஸ்.சி.யின் 15.5 அடியைத் தாண்டும், உங்கள் பெர்மிட்டைத் தாண்டாது.

அந்த 19 இன்ச் எந்த நிலைக்குப் போட்டது? 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு என்றால் பாதிக் கணக்குதான். ஹெவி மண்டலத்தில் 32 டிகிரியில் சுற்றிலும் அரை இன்ச் பனிக்கட்டியோடும் பார்க்க வேண்டும். லேசான ஃபைபருக்குப் பனியின் எடை கேபிளின் எடையைவிடப் பல மடங்கு; பெரும்பாலும் சூட்டைவிடப் பனியில்தான் அதிகம் தொய்யும்.

மேலே போட்டாலும் நடு ஸ்பேனில் நியூட்ரலின் உயரம் தேவை, நீங்கள் தரவில்லை. கம்பத்தில் 40 கேட்கும் இடத்தில் ஸ்பேனில் அதன் 75 சதவீதம், 30. பார்க்கும்போது மேலே உள்ள கம்பியைப் பனியோடும், கீழே உள்ள கேபிளைப் பனி இல்லாமலும் வைத்துப் பாருங்கள். வெயிலில் பனி முதலில் எதிலிருந்து உதிரும் என்று யாருக்கும் தெரியாது.

கோவை_ஓஎஸ்பி
மிக்க நன்றி இருவருக்கும். எர்த் வயர் போட்டோவில் தெரிகிறது. ஆனால் கம்ப உரிமையாளரின் ஸ்டாண்டர்டில் "எந்நிலையிலும் 40" என்று எழுதியிருக்கிறது. அப்போது 30 சலுகை செல்லுமா?

மெசஞ்சர்_வயர்
செல்லாது. என்.இ.எஸ்.சி. குறைந்தபட்சம், ஒப்பந்தம் அதைவிடக் கடுமையாக இருக்கலாம். 40 என்றால் ஃபைபரின் உச்ச உயரம் 22 அடி 10 இன்ச். லூப்புக்கு 6 இன்ச் வருகிறது, உறை மாட்டினால் போதும். ஆனால் பிராக்கெட் எர்த் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் நடுவே 12 விட, கேபிள் டிவியை 5 இன்ச் இறக்கி 21 அடி 10, டெலிபோனை 4 இன்ச் இறக்கி 20 அடி 10. ஒரு கம்பத்தில் 4 இறக்கினால் நடுவில் சுமார் 2 இறங்கும். டெலிபோன் சரியாக 18 அடிக்கு வந்து நிற்கும்.

தொய்வு_கணக்கு
அந்த 18 அடியும் ஃபீல்டு ஆள் அளந்த நாளின் வெப்பநிலையில். 120 டிகிரியிலோ பனியிலோ அது நிற்காது. கேபிள் டிவிக்கும் டெலிபோனுக்கும் நடுவே 12க்குக் குறைவாக வைக்க அந்த இரு நிறுவனங்களும் எழுதிக் கொடுத்தால் டெலிபோனைத் தொடாமலே முடியும்: கேபிள் டிவி 21 அடி 10, டெலிபோன் அதே 21 அடி 2, இடையில் 8. விதி 12ஐ ஒப்புதலோடு குறைக்க விடுகிறது. நடு ஸ்பேனிலும் கேபிள் டிவியை அளந்து 4 இன்ச் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கடிதம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் 45 அடிக் கம்பத்துக்கு மாற்றக் கோரிக்கை போடுங்கள். நீட்டுக் கை பிராக்கெட்டில் (கேபிளைக் கம்பத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் கை) தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் உரிமையாளர் ஸ்டாண்டர்டைப் படியுங்கள், பலர் அனுமதிப்பதில்லை.

கலிஃபோர்னியா வேலை வந்தால் இந்த எண்களை எடுத்துச் செல்லாதீர்கள், அங்கே ஜெனரல் ஆர்டர் 95 என்ற மாநில விதி தனி.