மாயன் தீச்சடங்கு: நேரில் நின்றவர்கள் பகிருங்கள்

ஷேலா டீச்சர்:
குவாத்தமாலாவின் மொமொஸ்தெனாங்கோ ஊர், வஹ்ஷகிப் பாட்ஸ் அன்று. மாயன்களின் 260 நாள் நாட்காட்டி மறுபடி தொடங்கும் நாள், தெரிந்ததுதான். பள்ளியில் சேவைக்கு வந்திருந்த என்னைச் சமையல்கார அம்மா கூட்டிப்போனார். சர்க்கரையால் வட்டம் போட்டு, கொப்பால் என்ற சாம்பிராணி மாதிரிப் பிசின் கட்டி, எள், சாக்லேட், கிழக்கே சிவப்பும் மேற்கே கறுப்புமாக மெழுகுவர்த்திகள் அடுக்கித் தீ வைத்தார்கள். நாளுக்குரிய ஆவியான ஒவ்வொரு நாவாலையும் 1 முதல் 13 வரை எண்ணிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார் அஹ்கிஹ், அதாவது நாட்காட்டிப் பூசாரி. முன்னோரை அழைக்கும் நேரம் வந்ததும், உள்நாட்டுப் போரின்போது 1982இல் ராணுவம் பிடித்துப்போன தன் அண்ணன் பேரை அந்த அம்மா சத்தமாகச் சொன்னார். கையிலிருந்த மெழுகுவர்த்திகளில் பாதியை என் கையில் திணித்து, "நீயும் போடு" என்றார். போட்டேன். தீ சுழன்று ஆளுயரம் எழுந்தது. அவர் மண்டியிட்டு அழுதார். அண்ணனுக்கான மெழுகுவர்த்தியை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி கையில் ஏன் கொடுத்தார்? இன்றைக்கும் மனசைக் குடைகிறது.

மலைத்தடம்:
தீ சுழன்றதைப் பெரிதுபடுத்த வேண்டாம் டீச்சர். சாராயமும் சர்க்கரையும் விழுந்தால் எந்தத் தீயும் எழும். நான் சிக்காபால் ஏரிக்குப் போனது ஈஸ்டர் கழிந்த 40வது நாள். எரிமலை வாய்க்குள் இருக்கிற ஏரி அது. மாம் என்ற மாயன் இன மக்கள் மழை கேட்டுக் கரையோரம் பூக்கொத்துகளை நட்டிருந்தார்கள். மூடுபனி இறங்கி எதிர்க்கரையே மறைந்துபோன நேரத்தில் ஒரு பயணி தண்ணீருக்குள் காலை விட்டான். ஒரு கிழவி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபமே இல்லை, பயம். அதைத்தான் மறக்க முடியவில்லை.

கிச்சே மலை:
மலைத்தடம், தீ எப்படி எரிகிறது என்று டீச்சர் கேட்கவே இல்லையே. போரில் கொல்லப்பட்டவர்களைத் தோண்டியெடுக்கும் குழுவுக்கு நான் சாமான் தூக்கினேன். முதல் மண்வெட்டி விழுமுன் நிலத்திடம் அனுமதி கேட்டுச் சடங்கு நடக்கும். அந்தக் குழியில் தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்த குடும்பங்களும் வரும். ஒரு தாய் எங்கள் எல்லார் கையிலும் ஆளுக்கொரு வெள்ளை மெழுகுவர்த்தி கொடுத்தாள். 36 ஆண்டுப் போர் அது. அடையாளம் தெரிந்த பலியானவர்களில் 83 சதவீதம் மாயன்கள் என்று 1999இல் போர்க் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணைய அறிக்கை சொன்னது. சமாதியே இல்லாதவர்களுக்கு எத்தனை பேர் சேர்ந்து போட்டாலும் நல்லது என்று அவள் நினைத்திருப்பாள். உங்கள் சமையல்கார அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார் டீச்சர்.

பெத்தேன் நர்ஸ்:
எங்கள் கெக்சி மாயன் கிராமத்தில் பெரியவர் விடியுமுன்னே, குரலே எழுப்பாமல் சடங்கு செய்தார். "அக்கம்பக்கத்தார் சூனியம் என்பார்கள்" என்றார். 2020 ஜூனில் சான் லூயிஸில் மாயன் மூலிகை வைத்தியர் தொமிங்கோ சோக்கை அப்படிச் சொல்லித்தான் உயிரோடு எரித்தார்கள். பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து மூலிகை ஆய்வு செய்த மனிதர்!

இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அழைக்காமல் போகாதீர்கள். வட்டத்தைத் தாண்டாதீர்கள்; சுற்றும்போது முன்னால் நடப்பவர் எந்தப் பக்கமோ அதே பக்கம் போங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். அஹ்கிஹ் சம்மதித்தாலும் அழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். ஆஸ்துமா இருந்தால் புகை வராத பக்கமாக நில்லுங்கள், இன்ஹேலரை மறக்காதீர்கள். நைலான் ஜாக்கெட் வேண்டவே வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியோ கம்பளியோ போடுங்கள். கொப்பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும் அவர்களுக்கு நிறையச் செலவு, உங்கள் பங்கை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.