மறு: உயிர்த்தெழுந்தாரே, தீமை ஏன் போகவில்லை?

அன்புள்ள எல்லாருக்கும்,

ஈஸ்டர் வாழ்த்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்த இடத்தில் தம்பி ஒருவர் குறுக்கே ஒரு கேள்வியைப் போட்டார். "நன்மை ஜெயித்துவிட்டது என்று வருஷா வருஷம் பாடுகிறோம். செய்தியைத் திறந்தால் அப்படித் தெரியவில்லையே அண்ணா?" யாரும் பதில் எழுதக் காணோம். அடுத்த வாழ்த்துப் படம்தான் வந்தது. நான் போதகர் இல்லை, ஆனாலும் கேட்ட பிள்ளையை அப்படியே விட மனம் வரவில்லை.

தம்பி, மத்தேயு 28ஆம் அதிகாரத்தைக் கடைசி வரை வாசித்துப் பாருங்கள். இயேசுவின் கல்லறைக் காவலர்கள் ஓடிவந்து நடந்ததைச் சொல்கிறார்கள். பிரதான ஆசாரியர்கள் கூடிப் பேசி, கைநிறையப் பணம் கொடுத்து, "நாங்கள் தூங்கும்போது சீஷர்கள் வந்து உடலைக் களவாடிப் போனார்கள்" என்று சொல்லச் சொல்கிறார்கள். (தூங்கினவனுக்குத் திருடன் யாரென்று எப்படித் தெரியும் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு முறைப்பு வாங்கியவன் நான்.) ஆக, முதல் ஈஸ்டர் அன்றைக்கே லஞ்சம் கைமாறியிருக்கிறது. மத்தேயு அதை மறைக்கவும் இல்லை. பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறார். பரிகரிக்கப்படும் என்றால் இனி அழிக்கப்படும் என்று பொருள். பரிகரிக்கப்பட்ட என்று எழுதவில்லை.

அப்படியென்றால் ஜெயித்தது எது? எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். உயிர்த்தெழுந்தவர் தமக்கு மரணத் தீர்ப்பளித்த பிலாத்துவின் அரண்மனைக்குப் போகவில்லை. பிரதான ஆசாரியர் காய்பாவின் வாசலில் போய் நின்று "இப்போது என்ன சொல்கிறாய்" என்று கேட்கவில்லை. நம்மில் யாராக இருந்தாலும் முதலில் அங்கேதான் போயிருப்போம்! அவரோ அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாளிடம் போனார், பூட்டிய அறைக்குள் பயந்து கிடந்தவர்களிடம் போனார். இஸ்தான்புல்லில் கோரா என்ற பழைய தேவாலயத்தில் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று உண்டு. காலடியில் பாதாளத்தின் கதவுகள் உடைந்து கிடக்கின்றன, பூட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. கிறிஸ்து ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுக்கிறார். பிடித்திருப்பது மணிக்கட்டை. அவர்கள் கை பற்றிக்கொள்ளக்கூடத் தெம்பில்லாதவர்கள் போலும்.

சீஷர் பேதுருவின் கதையும் அதே மணிக்கட்டுப் பிடிதான். இயேசு கைதான இரவில் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பில் (யோவான் 18:18). அந்த இரவில்தான் மூன்று தரம் "அவரை அறியேன்" என்று மறுதலித்தார். பிறகு யோவான் 21ஆம் அதிகாரத்தில், இராமுழுவதும் வலை போட்டு ஒன்றும் அகப்படாத விடியற்காலையில், கரையில் மறுபடி கரிநெருப்பு. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல். கரியின் வாசனை மூக்கில் ஏறியபோதே பேதுருவுக்கு அந்த இரவு திரும்பி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மறக்க நினைத்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார் ஆண்டவர். மூன்றாம் தரம் பேதுருவுக்கு மனம் நொந்துபோகிறது. நோகாமல் அது ஆறாது. ஆனால் அந்த இரவைப் பற்றி ஆண்டவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று வேலையைத்தான் கொடுக்கிறார்.

இதில் வரிசையைக் கவனியுங்கள் தம்பி. அந்த மூன்று கேள்விகளும் சாப்பிட்டு முடித்த பிறகுதான். கரையேறியதும் அவர்கள் கண்டது நெருப்பின்மேல் மீன், பக்கத்தில் அப்பம். கேட்ட அழைப்பு, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."

அன்புடன்,
உங்கள் அண்ணன்