ஒன்பதாம் வகுப்பில் எந்த ஏபி எடுப்பது? (புதுப்பிப்பு)

மகள் ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியலுக்கு ஏபி (AP, உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) உலக வரலாறு எடுப்பதா, ஏபி மானுடப் புவியியல் எடுப்பதா என்று கேட்டிருந்தேன் (நாங்கள் இருப்பது டெக்சாஸ்). பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் புவியியல், பத்தாவதில் வரலாறு" என்ற யோசனையைத்தான் எடுத்தோம், அதுதான் சரியாக வந்தது. புவியியலில் ஏழு அலகுகள்தான், தேர்வில் 60 கொள்குறி வினாக்கள், அப்புறம் மூன்று எழுத்து வினாக்கள். மக்கள்தொகை, இடப்பெயர்வு, விவசாயம், நகரங்கள் என்று பாடம் போவதால் நம் குடும்பம் கடல் தாண்டி வந்த கதையே அவளுக்கு உதாரணமாகிவிட்டது, ரொம்பப் பிடித்துப் படித்தாள். மே மாதம் தேர்வு, ஜூலையில் ஸ்கோர் வந்தது: ஐந்துக்கு 4.

இப்போது உலக வரலாறு. ஏழு ஆவணங்களை வாசித்து ஒரு மணி நேரத்தில் கட்டுரை எழுத வேண்டும், ஒன்பதாவதிலேயே, பதினான்கு வயதில் எடுத்திருந்தால் இது கனமாகத்தான் இருந்திருக்கும். பாடம் 1200-இலிருந்து தொடங்குகிறது, முதல் அலகிலேயே விஜயநகரம் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எதிர்பாராத ஒன்று: வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்குப் பதிவானதாக அர்த்தமில்லை. நவம்பர் நடுவுக்குள் தனியாகப் பதிய வேண்டும், பள்ளியின் கடைசி நாள் இன்னும் முன்னதாகவும் இருக்கலாம், கேட்டு வையுங்கள். கல்லூரி கிரெடிட்டுக்கு (அந்தப் பாடத்தை முடித்ததாகக் கல்லூரி ஏற்பதற்கு) சில இடங்களில் ஸ்கோர் 3 போதும், சில இடங்களில் 5 கேட்கிறார்கள்.