எஞ்சின் 'மிஸ்ஸிங்': எரிதப்பா, எரிதவறலா?

தொழிற்பயிற்சி ஆசிரியர், விருதுநகர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வருகிற திங்களன்று அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கருவி) வண்டிகளைப் பற்றிய இயலில் இரண்டு சொற்களில் வந்து நிற்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் கலவை எரியாமல் போவதைப் பட்டறையில் 'மிஸ்ஸிங்' என்கிறோம். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் தானாக மெதுவாக ஓடுவதை 'ஐடிலிங்' என்கிறோம். முன்னதற்குப் 'பொறித்தவறு' என்று கைப்படியில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அன்புள்ள ஆசிரியருக்கு, 'எரிதப்பு' என்று எழுதுங்கள். எரி என்பது நெருப்புக்கே பெயராக நம்மிடம் உண்டு. 'எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்' என்னும் குறளைக் காண்க. குறி தப்பியது, தாளம் தப்பியது என்று இன்றும் பேசுகிறோம். இன்னும் ஆழத்தில் தொல்காப்பியத்துத் 'தபு' இருக்கிறது. பு என்னும் எழுத்தை ஈறாகக் கொண்ட முற்றியலுகரச் சொல் (ஈற்று உகரம் குறுகாமல் ஒலிக்கும் சொல்) அது ஒன்றே என்றும், அது இருவயின் நிலையும் பொருளுடையது என்றும் எழுத்ததிகாரம் கூறுகிறது. குரலைப் படுத்துச் சொன்னால் 'நீ சா' என்றும், எடுத்துச் சொன்னால் 'நீ சாகச் செய்' என்றும் பொருள்படும் என்பது உரையாசிரியர்களின் விளக்கம். அந்தத் தபுவே தப்பு ஆயிற்று என்பது என் துணிபு. தானும் அணைந்து, எஞ்சினையும் அணைக்கப் பார்க்கும் சிலிண்டருக்கு இதனினும் பொருந்தும் வேர் ஏது?

பட்டறை நடத்துபவர், கோயம்புத்தூர்:

ஐயா, தபுவைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அதை என் பட்டறைப் பையனிடம் சொல்ல முடியாது. 'தப்பு' என்றால் அவன் குற்றம் என்றே கொள்வான்; எங்கள் பக்கத்தில் தப்பு என்பது அடிக்கும் பறையும் ஆகும். வண்டிக்காரர் வந்து 'மிஸ்ஸிங் அடிக்குதுங்க' என்கிறார்; நானும் அப்படியே புரிந்துகொள்கிறேன். கிளட்ச்சும் பிரேக்கும் தமிழாகிவிட்ட பிறகு மிஸ்ஸிங்கை மட்டும் ஏன் வெளியே நிறுத்துகிறோம்?

தொழிற்பயிற்சி ஆசிரியர், விருதுநகர்:

அம்மா, மிஸ்ஸிங் என்னும் சொல்லை வெளியேற்றுவது என் நோக்கமன்று. என் கவலை வேறு. நேற்று வகுப்பில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

எங்கள் கொட்டகையில் கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 ஒன்று நிற்கிறது. மூன்றே சிலிண்டர் ஆதலால், ஒன்று படுத்தாலும் வண்டி மொத்தமும் குலுங்கும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரும் 450 முறை எரிய வேண்டும், ஏனெனில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிதல் நிகழும். காப்பிட்ட இடுக்கியால், தீப்பொறி தரும் பிளக்குகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். முதலாவதையும் இரண்டாவதையும் கழற்றியபோது எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் எரியாதது மூன்றாவது. உடனே ஒரு மாணவன் தன் குறிப்பேட்டில், 'பொறித்தவறு. ஆகவே பிளக்கை மாற்றுக' என்று எழுதினான். அவனை அப்படி எழுத வைத்தது நான் கொடுத்த சொல்தான்.

இரண்டாம் பிளக்கையும் மூன்றாம் பிளக்கையும் இடம் மாற்றினோம். கோளாறு மூன்றாவதிலேயே தங்கியது. பொறியோ நீலமாக, நன்றாகவே தாவியது. ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்ததும் நடுக்கம் மறைந்தது. அதன் பிறகு, மேனிஃபோல்டும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) எஞ்சினும் சேரும் இடத்தில் மூன்றாம் சிலிண்டர் பக்கமாகச் சில சொட்டு எண்ணெய் விட்டேன். எண்ணெய் உள்ளே இழுபட்டு இடுக்கை அடைத்தது. சில நொடிகளுக்கு எஞ்சின் சீராக ஓடியது. அந்த இணைப்பை அடைக்கும் கேஸ்கட் வழியே காற்று புகுந்து கலவையை மெலிய வைத்திருந்தது. மிதிக்காதபோது, கலவை செல்லும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே வெற்றிடம் மிகுந்து, கசியும் காற்றின் பங்கு பெரிதாகிறது; மிதித்தால் அந்தப் பங்கு சிறுத்துவிடுகிறது.

பொறி தவறவில்லை, எரிதல்தான் தவறியது. பொறி இல்லாமலும், கலவை மெலிந்தும், வால்வு சரியாக அமராமல் அழுத்தம் குறைந்தும் எரிதல் தவறலாம். ஆகவே சொல் நிகழ்ச்சியைக் காட்ட வேண்டுமே அல்லாமல், காரணம் ஒன்றை முன்கூட்டியே தீர்ப்பாக எழுதிவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அப்படியானால் 'பற்றாமை' என்றால் என்ன? தீப் பற்றவில்லை என்பதற்கு நேரான எதிர்மறைத் தொழிற்பெயர் அது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று படித்தவர்களுக்குப் பற்றாமை துறவாகத் தோன்றும். படிக்காதவர்களுக்குப் பெட்ரோல் பற்றவில்லை, அதாவது போதவில்லை, என்று தோன்றும். வேண்டாம்.

பட்டறை நடத்துபவர், கோயம்புத்தூர்:

மாருதியின் கதையைப் படித்த பிறகு நான் சற்று இறங்கி வருகிறேன். 'எரிதவறல்' என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் மிஸ்ஸிங் என்பதையும் பக்கத்தில் வையுங்கள். 'தவறியது' என்பது பையனுக்குப் புரியும். ஐடிலிங்குக்கு 'சும்மா ஓட்டம்' என்பது என் விருப்பம்.

தொழிற்பயிற்சி ஆசிரியர், விருதுநகர்:

நால்வர் எரிதவறலுக்கு இசைந்து தனிமடல் எழுதியிருக்கிறார்கள்; அதையே எடுத்துக்கொள்கிறேன். ஐடிலிங்குக்கு 'வெற்றோட்டம்', அதில் வரும் குலுக்கத்துக்கு 'வெற்றோட்ட நடுக்கம்' என்று இப்போதைக்கு எழுதுகிறேன். சும்மா ஓட்டம் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சும்மா ஓட்ட நடுக்கம்' என்று நீட்டும்போது தொடர் பிரிந்துவிடுகிறது. கைப்படி நாளை போகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பெரும்பான்மைக்கு இடம் விடுகிறேன். ஆனால் எரிதப்பை நான் கைவிடவில்லை. அச்சாகும் முன் ஒன்றை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். எரி தவறுதல் என்று எழுவாய்த் தொடராகக் கொண்டால் ஒற்று மிகாது. எரிதலில் தவறல் என்று வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் 'எரித்தவறல்' என்றாகும், அப்போது படிப்பவர் யாரோ எதையோ எரித்ததாக நினைப்பார். தங்கள் கைப்படியின் 2 பக்கங்களில் ஒற்று இருக்கிறது, 1 பக்கத்தில் இல்லை.