பின்வளவு வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்ட் இல்லை, பாவிக்கலாமா?

கொக்குவில் பிள்ளை:
நான் ஏஎல் (உயர்தரம்) படிக்கிறேன். ரீலோட் போட்டுத்தான் சூம் வகுப்பு, மாதம் பாதியாக முதலே டேட்டா முடிந்துவிடும். பின்வளவு வீட்டில் புது ரவுட்டர் பூட்டியிருக்கிறார்கள், பாஸ்வேர்ட் இல்லை, மதிலோரம் கதிரையைப் போட்டால் சிக்னல் முழுசாக வருகிறது. அங்கே வயதான மாமாவும் மாமியும்தான், பிள்ளைகள் கனடாவில். நான் எதையும் உடைக்கவில்லையே, சட்டப்படி பிழையா?

சட்டம் படிக்கிறவன்:
பிழைதான் தங்கச்சி. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், 3ஆம் பிரிவு: தனக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், வேண்டுமென்றே ஒரு கணினிக்குள் நுழையப் பார்த்தால் ஒரு லட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பாஸ்வேர்டை உடைத்திருக்க வேண்டும் என்று இல்லை. ரவுட்டரும் தகவலைக் கையாளுகிற கருவிதான், அதனால் அதுவும் கணினிக்குள் அடங்கும். சாப்பாட்டுக் கடையில் வருகிறவர்களுக்கென்று திறந்துவிடுவது அனுமதி, மாமாவுக்குப் பூட்டத் தெரியாமல் கிடப்பது அனுமதி இல்லை. லண்டனில் 2005இல் இப்படி அடுத்தவர் வைஃபையை வெளியில் நின்று பாவித்த ஒருவருக்கு 500 பவுண்ஸ் தண்டம் விழுந்தது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் போய் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற விசயம் இது.

திருநெல்வேலி ரெக்னீசியன்:
எனக்கு மாமாவை நினைத்துத்தான் கவலை. ஒழுங்கையில் போகிற எவனாவது அந்த இணைப்பில் கள்ள வேலை செய்தால் விசாரணை முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். மாமியிடம் கேளுங்கோ, அவர்கள் சம்மதித்தால் பக்கத்தில் இருந்தே செய்து கொடுங்கோ. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போய் டபிள்யூபிஏ2 என்கிற வைஃபைப் பூட்டைப் போட்டு நல்ல பாஸ்வேர்ட் வையுங்கோ, ரவுட்டர் செட்டிங்குக்குள் போகிற அட்மின் பாஸ்வேர்டையும் மாற்ற வேணும். அப்புறம் கெஸ்ட் நெட்வேர்க்கை, அதாவது வெளியாருக்கென்று அதே ரவுட்டரில் இருக்கிற தனி வைஃபையைத் திறவுங்கோ, உங்களுக்கு அந்தக் கெஸ்ட் பாஸ்வேர்ட் மட்டும் போதும்.

கொக்குவில் பிள்ளை:
கேட்டேன் அண்ணா, மாமி உடனே ஓம் என்றா. எல்லாம் போட்டாச்சு. ஆனால் கெஸ்ட் எங்கள் அறையில் காட்டவே இல்லை?

திருநெல்வேலி ரெக்னீசியன்:
கெஸ்டை 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் போட்டிருப்பீர்கள், அது சுவர் தாண்டக் கஷ்டப்படும். 2.4க்கு மாற்றிப் பாருங்கோ.

கொக்குவில் பிள்ளை:
சரி, இப்ப வருது.