பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

நாசரேத் தையல் கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறோம். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கை கொடுக்கிறது. என் கேள்வி வேறு.

டயாலிசிஸ் மெஷினில் போட்டு இரண்டு மணி நேரம் தாண்டினால் இவர் கொட்டாவி விட ஆரம்பிப்பார். அப்புறம் நெற்றி வேர்க்கும். பிரஷர் இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு தடவை கண் மேலே சொருகிவிட்டது. அதிலிருந்து முதல் கொட்டாவியைப் பார்த்ததுமே எனக்குக் கை கால் வெலவெலத்துப்போகிறது. டயாலிசிஸுக்கு முந்தின ராத்திரியே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்குச் சிரித்துக்கொண்டே சோறு போடுகிறேன், உள்ளே ஒரே நடுக்கம்.

ஜெபிக்காமல் இல்லை. முழங்காலில் நின்று அழுது ஜெபிக்கிறேன். எழுந்தால் பயம் அப்படியே இருக்கிறது. பெண்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அக்கா வேதத்தைத் திறந்து வெளிப்படுத்தல் 21:8 வாசித்தார்கள். ‘பயப்படுகிறவர்களும், அவிசுவாசிகளும்’ என்று தொடங்கி அக்கினிக்கடலில் போய் முடிகிற வசனம். “உனக்கு விசுவாசம் இல்லை, முதலில் அதற்கு மனந்திரும்பு” என்றார்கள். இருந்த பயத்தோடு இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது.

“கர்த்தர் பார்த்துக்கொள்வார், தைரியமாக இரு” என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அவர் பார்த்துக்கொள்வார் என்று எனக்கும் தெரியும். அந்தக் கொட்டாவி வருகிற நேரத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை சார்:

மகளே, முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். வெளிப்படுத்தல் யாருக்கு எழுதப்பட்டது? ஆசியாவில் இருந்த ஏழு சபைகளுக்கு. கிறிஸ்துவின் பெயரைச் சொன்னால் சிறை, சாவு என்று இருந்த ஜனங்கள். சிமிர்னா சபைக்கு ‘நீ மரணபரியந்தம் உண்மையாயிரு’ என்று அதே புத்தகம் சொல்கிறது. 21ஆம் அதிகாரம் பேசுவது, உயிருக்குப் பயந்து அவரை உதறிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி. புருஷனைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றி, நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவியின் நடுக்கத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதை உன் தலையில் வைத்தது அநியாயம். எனக்குக் கோபமே வருகிறது.

பயந்து, இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தே போன சீஷன் பேதுருவுக்குக்கூட, உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்து, ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்றார். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் அவரே திகிலடைந்தார் என்று மாற்கு எழுதி வைத்திருக்கிறார். அந்தத் திகிலோடுதான் எழுந்து நடந்தார்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். என் மனைவி பக்கவாதத்தில் படுத்த நாட்களில், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நடுச்சாமத்தில் அவள் மூச்சில் ஒரு கரகரப்பு கேட்டால் எனக்கு நாக்கு வறண்டுவிடும். நீளமான ஜெபமெல்லாம் அப்போது வராது. 56ஆம் சங்கீதத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.’ தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுக்கும்போது ‘நான் பயப்படுகிற நாளில்’ என்பேன். ‘உம்மை நம்புவேன்’ என்னும்போது புரட்டுவேன். பயம் போயிற்றா என்றால், போகவில்லை. ஆனால் கை வேலையைச் செய்தது. எனக்குக் கிடைத்த பெலன் அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது.

அதே சங்கீதத்தில் 8ஆம் வசனத்தையும் பார். ‘என் அலைச்சல்களை தேவரீர் எண்ணியிருக்கிறீர்.’ நாசரேத்துக்கும் திருநெல்வேலிக்கும் நீ அலைகிற பஸ் அலைச்சலும் அந்தக் கணக்கில் சேரும்.

முந்தின ராத்திரி வயிற்றைப் பிசைகிறது என்றாய். வனாந்தரத்தில் தேவன் அன்றன்றைக்குக் கொடுத்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறிப்போயிற்று. நாளைக்கு வேண்டிய தைரியம் இன்றைக்கு ராத்திரி உன் கையில் இருக்காது. அது அந்த ஸ்டூலில் நீ உட்கார்ந்திருக்கும்போது வரும். ராத்திரிக்குத் தூங்குவதற்கான பெலனை மட்டும் கேள்.

டயாலிசிஸ் சிஸ்டர்:

அக்கா, நான் டயாலிசிஸ் வார்டில்தான் வேலை பார்க்கிறேன். சார் எழுதியதற்கு மேல் வேதத்தில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு வசனம்: தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை, பலமும் அன்பும் தெளிந்த புத்தியும் உள்ள ஆவியைக் கொடுத்தார் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்தத் தெளிந்த புத்தியை எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

முதல் கொட்டாவியிலேயே ஸ்டாஃபைக் கூப்பிடுங்கள். தொந்தரவு என்று நினைக்கவே வேண்டாம், எங்களுக்கு அது பெரிய உதவி. காலை உயர்த்தி, தலையைத் தாழ்த்தி, தண்ணீர் எடுக்கிற வேகத்தைக் குறைப்போம். தேவைப்பட்டால் சலைன் கொடுப்போம். பெரும்பாலும் சீக்கிரம் சரியாகிவிடும்.

பிரஷர் ஏன் இறங்குகிறது? ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உடம்பில் தண்ணீர் அதிகம் சேர்ந்துவிட்டால், அவ்வளவையும் நாலு மணி நேரத்தில் இழுக்க வேண்டியிருக்கும். உப்பு கூடினால் தாகம் கூடும், தண்ணீரும் கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டவே வேண்டாம். வீட்டில் தினமும் எடை பாருங்கள். டயாலிசிஸ் அன்று காலையில் பிரஷர் மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். மெஷினில் இருக்கும்போது வயிறு முட்டச் சாப்பிட்டாலும் சிலருக்கு இறங்கும்.

இன்னொன்று. தினமும் காலையில் அண்ணன் கையில் ஃபிஸ்டுலா மேல், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய் மேல், விரலை வையுங்கள். பூனையின் நெஞ்சில் கை வைத்தது போல ஒரு அதிர்வு தெரியும். அது இல்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், டயாலிசிஸ் ஊசியைத் தவிர வேறு ஊசியும் போட விடாதீர்கள். நான் ஒவ்வொரு நாளும் முதல் ஊசி குத்துவதற்கு முன்னால் ‘இயேசுவே, என் கையைப் பிடியும்’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் குத்துகிறேன். எனக்கும் பயம் உண்டு அக்கா.

கடற்கரை மகள்:

நான் கத்தோலிக்கப் பெண், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது என் அண்ணன் ஆழ்கடலில் இருந்தான். எங்கள் அன்பியத்துப் பெண்கள், அதாவது பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவினர், வீட்டுக்கு வந்து மைனியை, அண்ணன் மனைவியை, சுற்றி உட்கார்ந்தார்கள். ஜெபமாலை சொன்னார்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். “தைரியமா இரு” என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அண்ணன் வந்து சேர்ந்தான். பக்கத்து வீடுகளில் வராதவர்களும் உண்டு. அந்த வீடுகளுக்கும் அதே பெண்கள்தான் போனார்கள்.

எங்கள் மாவட்டத்துப் புனிதர் தேவசகாயம் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின கதை. ஆடு மாடு, சொத்து என்று இழந்து அவர் மனம் உடைந்திருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றதற்குத் தொடக்கம் அதுதான். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் அக்கா. உங்கள் சபையில் அந்த அக்கா ஒருத்திதானா இருக்கிறார்கள்? வாரத்தில் ஒரு நாளாவது கூட வரச் சொல்லி யாரிடமாவது வாய்விட்டுக் கேளுங்கள்.

நாசரேத் தையல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சார், அந்த 8ஆம் வசனத்தை வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். துணிக்கு அளவு எழுதுகிற நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சிஸ்டர், மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். டயாலிசிஸ் அன்று காலையில் வேண்டாம், திரும்பி வந்து போட்டால் போதும் என்றார். நேற்றும் கொட்டாவி வந்தது. எனக்குப் படபடப்பும் வந்தது. ஆனால் உடனே எழுந்து போய்க் கூப்பிட்டேன், காலை உயர்த்தி வைத்தார்கள்.

கூட வருவதற்கு எங்கள் சபை ஐயரம்மாவிடம் (போதகரின் மனைவியிடம்) கேட்டேன். சனிக்கிழமை தானே வருவதாகச் சொன்னார்கள். கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

ஒரு சந்தேகம். இவருக்கு முருங்கைக்கீரை என்றால் உயிர். கொடுக்கலாமா?

டயாலிசிஸ் சிஸ்டர்:

கீரையில் பொட்டாசியம் அதிகம் அக்கா. இந்த மாத ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சரி என்றார் என்றால், நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சமாக, எப்போதாவது ஒரு நாள் கொடுங்கள். இளநீர் மட்டும் யார் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள்.